கேமரா சென்சார் சுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லென்ஸைக் கழற்றி மாட்டும் எந்தக் கேமராவிலும் தூசி புகும்; படத்தைப் பதிவு செய்யும் சென்சாரின்மேல் போய்ப் படியும். சென்னையில் கொஞ்சம் சீக்கிரமாகவே புகும். டிஎஸ்எல்ஆரோ மிரர்லெஸோ வைத்திருந்து, வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்தப் பக்கம். பெரும்பாலும் காற்றடித்தாலே வேலை முடிந்துவிடும். திரவத்தைக் கையில் எடுக்க வேண்டிய நாட்கள் குறைவு. கேள்விகளும் அந்த வரிசையிலேயே போகின்றன.

வானத்தில் மங்கலான சாம்பல் புள்ளிகள் தெரிகின்றன. சென்சார் தூசிதானா?

அடுத்தடுத்து எடுத்த நான்கைந்து படங்களைத் திறந்து பாருங்கள். புள்ளி எல்லாவற்றிலும் அதே இடத்தில் இருந்து, வேறு லென்ஸ் மாட்டி எடுத்தாலும் நகராவிட்டால் சென்சார் தூசிதான். லென்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டிய தூசி இப்படிப் புள்ளியாக விழாது. மிஞ்சிப்போனால் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறையும்.

டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் தெரிந்து, படத்தில் தெரியாத புள்ளியென்றால் அது ஃபோகசிங் ஸ்கிரீனில் உட்கார்ந்திருக்கிறது. படத்தைக் கெடுக்காது, விட்டுவிடுங்கள். அந்த ஸ்கிரீன் மிருதுவான பிளாஸ்டிக். துடைக்கப் போனால் கீறல்தான் மிச்சம். இரவில் நீண்ட எக்ஸ்போஷரில் சிவப்பாகவோ நீலமாகவோ ஊசிமுனைபோல் மின்னுவது ஹாட் பிக்சல். அதுவும் துடைத்துப் போகிற சமாச்சாரம் இல்லை. கேமராவில் பிக்சல் மேப்பிங் (கெட்ட பிக்சலைக் கேமராவே மறைக்கும் வசதி) இருந்தால் அதை ஓட்டுங்கள்.

எஃப்/16இல் பளிச்சென்று தெரியும் புள்ளி எஃப்/2.8இல் எங்கே போகிறது?

எங்கும் போகவில்லை. எஃப் எண் பெரிதானால் லென்ஸின் திறப்பு, அதாவது அப்பர்ச்சர், சின்னது என்று பொருள். தூசி, ஒளியை உணரும் பிக்சல்களின் மேலேயே உட்காருவதில்லை. சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி அடுக்கு ஒன்று இருக்கிறது. தூசி அதன்மேல் படிகிறது. பிக்சலுக்கும் தூசிக்கும் நடுவே ஓரிரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி உண்டு. படத்தில் நாம் பார்ப்பது தூசியின் நிழலை.

ட்யூப்லைட்டின் கீழே கையை நீட்டினால் நிழல் கலங்கலாக விழும். சின்ன டார்ச் வெளிச்சத்தில் விரல் விரலாகத் தெரியும். அகலத் திறந்த அப்பர்ச்சர் ட்யூப்லைட் மாதிரி, எஃப்/16 டார்ச் மாதிரி. அதனால்தான் எப்போதும் எஃப்/1.8இல் முகங்களை எடுப்பவருக்கு வருடக்கணக்கில் தூசி கண்ணில் படாது. பழவேற்காட்டு ஏரியையும் வானத்தையும் எஃப்/11இல் எடுப்பவருக்கு முதல் வாரமே தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நீங்கள் துடைப்பது சென்சாரை அல்ல, அதன்மேல் இருக்கும் கண்ணாடியை. ஆனால் அந்தக் கண்ணாடியில் மெல்லிய பூச்சுகள் உண்டு. கீறினால் அடுக்கையே மாற்ற வேண்டும். பல மாடல்களில் சென்சார் பகுதியை முழுதாகவே மாற்றிவிடுவார்கள்.

சோதனைப் படம் எடுப்பது எப்படி?

ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் பிரையாரிட்டி, எஃப்/16 அல்லது எஃப்/22. ஆட்டோஃபோகஸை அணைத்து லென்ஸை முடிவிலிக்குத் திருப்புங்கள். மடிக்கணினியில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, திரை சட்டம் முழுவதையும் நிரப்பும்படி லென்ஸை ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் ஒரு நொடி, அரை நொடியில் கேமராவை லேசாக வட்டமாக ஆட்டுங்கள். திரையில் இருக்கும் அழுக்கு கலைந்துபோகும். சென்சாரில் இருப்பது மட்டும் நிற்கும்.

படத்தைக் கணினியில் போட்டு கான்ட்ராஸ்ட்டை நன்றாக ஏற்றிப் பாருங்கள். முதல் தடவை பார்ப்பவர் பதறிப்போவார். எஃப்/22இல், கான்ட்ராஸ்ட் ஏற்றிய படத்தில் புதுக் கேமராவிலும் நாலு புள்ளி இருக்கும். நீங்கள் வழக்கமாக எடுக்கும் அப்பர்ச்சரில் தெரிகிறதா என்பதுதான் கணக்கு.

படத்தில் மேல் இடது மூலையில் புள்ளி. சென்சாரில் எங்கே தேடுவது?

கேமராவை நிமிர்த்தி வைத்து, லென்ஸ் மாட்டும் வாயான மவுண்ட்டுக்கு எதிரே நின்று பார்த்தால், கீழ் இடது மூலையில். லென்ஸ் பிம்பத்தை மேல்கீழாகவும் இடவலமாகவும் புரட்டுகிறது. நீங்கள் முன்பக்கத்திலிருந்து பார்ப்பதால் இடவலம் மறுபடி நேராகிவிடுகிறது. மேல்கீழ் மட்டும் மாறியே இருக்கும்.

சென்னையில் இது ஏன் இத்தனை சீக்கிரம் படிகிறது?

மெட்ரோவுக்குத் தோண்டிய சாலைத் தூசியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது உலர்ந்த தூசி, காற்றடித்தால் போய்விடும். உண்மையான தொல்லை ஈரத்தோடு சேர்ந்து வருவது. ஆண்டின் பெரும்பகுதி இங்கே காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல்தான். அந்த ஈரத்தில் ஊறிய துகள் கண்ணாடியில் உட்கார்ந்து காய்ந்தால் பசைபோட்டதுபோல் ஒட்டிக்கொள்கிறது. மெரினாவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் காசிமேட்டிலும் காற்றில் வருவது உப்புத் துளி. காய்ந்த உப்பு, ப்ளோவருக்கு (அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் பந்துக்கு) அசைந்து கொடுக்காது.

அடுத்தது புகை. கல்யாண மண்டபத்தில் ஹோமம், கோயிலில் கற்பூரம், போகி விடியலில் தெருத்தெருவாக எரியும் குப்பை எல்லாமே எண்ணெய்ப் பிசுக்கோடு கூடிய கரியைக் கொண்டுவருகின்றன. மயிலாப்பூர் அறுபத்துமூவர் கூட்டத்துக்கு நடுவே லென்ஸ் மாற்றினால் விபூதியும் குங்குமமும் சேர்ந்தே உள்ளே போகும். கோலமாவு வேறு; அது கல்லை அரைத்த பொடியாக இருந்தால் கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமான துகளும் அதில் இருக்கலாம். இந்த மாதிரி இடங்களுக்கு இரண்டு பாடி, இரண்டு லென்ஸ். அல்லது ஒரே ஜூம் லென்ஸோடு போய்விட்டுத் திரும்புங்கள்.

ஏசி காரிலிருந்து இறங்கிய உடனே லென்ஸ் மாற்றுவதும் வேண்டாம். குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படியும்போது விழும் தூசி, அதோடு சேர்ந்து காய்கிறது. கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து, 20 நிமிடமாவது வெளிச் சூட்டுக்குப் பழக விடுங்கள்.

கேமராவே அதிர்ந்து சுத்தம் செய்துகொள்கிறதே, போதாதா?

உலர்ந்த தூசிக்குப் பல நாள் போதும். 2003இல் ஒலிம்பஸ் இ-1 தொடங்கி வைத்த முறை இது. கண்ணாடியை மீயொலி அதிர்வெண்ணில் அதிரவைத்துத் தூசியை உதறுகிறது. ஒட்டிய உப்பையும் எண்ணெயையும் இது அசைக்காது. மெனுவிலிருந்து இயக்கும்போது கேமராவை மேசைமேல் நிமிர்த்தி வைத்து நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள்.

ப்ளோவரைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

கைக்கு அடங்கிய பெரிய ரப்பர் ப்ளோவராக வாங்குங்கள். பின்பக்கம் தனி வால்வு இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஊதிய தூசியையே மூக்கு வழியாக உறிஞ்சித் திரும்ப ஊதும். புது ப்ளோவரின் உட்புறத்தில் ரப்பர் பொடி இருக்கும். கேமராவுக்கு வெளியே இருபது முப்பது தடவை அமுக்கிவிட்டுப் பிறகு கொண்டுவாருங்கள்.

அதற்கு முன் அறை. மின்விசிறியை அணையுங்கள், நம் வீடுகளில் தூசியை விடாமல் கலக்கிக்கொண்டிருப்பது அதுதான். தரையை ஈரத்துணியால் துடைத்து, சன்னல்களைச் சாத்தி, பத்து நிமிடம் காற்று அடங்க விடுங்கள். மே மாதத்தில் இதைச் செய்தால் நெற்றி வியர்வை நேரே மவுண்ட்டுக்குள் சொட்டும். ஆகவே ஏசி போட்டு அறையைக் குளிரவைத்து, அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பஞ்சு உதிரும் துண்டு, கம்பளி பக்கத்தில் வேண்டாம்.

முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைப் போடுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் மெனுவில் சென்சார் சுத்தம் செய்வதற்கென்றே உள்ள தேர்வில் போய், சென்சாருக்கு முன்னால் இருக்கும் மிரரை உயர்த்துங்கள். பேட்டரி குறைவாக இருந்தால் பல கேமராக்கள் அந்தத் தேர்வையே திறக்காது, அது உங்கள் நல்லதுக்குத்தான். பல்ப் முறையில் ஷட்டரைத் திறந்துவைத்து வேலை செய்யாதீர்கள். விரல் நழுவினால் ஷட்டர் இதழ்கள் ப்ளோவர் மூக்கின் மேலேயே மூடும். மிரர்லெஸில் சில மாடல்கள் அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும். அப்போது மூடிய இதழ்மேல் ஊதாமல், மெனுவில் சுத்தம் செய்யும் முறையைத் தேடிப் பிடியுங்கள்.

கேமராவைத் தலைக்குமேல் பிடித்து மவுண்ட் தரையைப் பார்க்கும்படி வையுங்கள். ப்ளோவர் மூக்கு மவுண்ட் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. முதலில் சுற்றுச் சுவர்களை நோக்கிச் சாய்வாக நாலு தடவை, பிறகு சென்சாரை நோக்கிப் பத்துத் தடவை, பலமாக. அரை நிமிடம் அப்படியே கவிழ்த்துப் பிடித்திருந்து மூடியைப் போடுங்கள். அந்த மூடியையும் லென்ஸின் பின்மூடியையும் முன்பே ஊதித் துடைத்திருக்க வேண்டும். சென்சாரைப் பளபளவென்று ஆக்கிவிட்டு அழுக்கு மூடியைப் போடுவது, குளித்துவிட்டுப் பழைய சட்டையை மாட்டுவதுபோல.

வாயால் ஊதினால்? கேனில் வரும் காற்று? காது குடையும் பஞ்சுக்குச்சி?

மூன்றும் கூடாது. வாயிலிருந்து எச்சில் தெறிக்கும். காய்ந்த எச்சில் எண்ணெய்க் கறையைவிடப் பிடிவாதம். கேனில் இருப்பது காற்றல்ல, அழுத்தத்தில் திரவமாக்கிய வாயு. சாய்த்துப் பிடித்தால் அந்தத் திரவமே பீய்ச்சி, கண்ணாடியைக் குளிரவைத்துக் கறை படியவைக்கும். பஞ்சுக்குச்சி இழை உதிர்க்கும். பஞ்சர் கடை கம்ப்ரஸரைப் பற்றியும் கேட்கிறார்கள்: அதில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தே வரும், அழுத்தமோ ஷட்டர் இதழைப் பெயர்த்துவிடும்.

ப்ளோவருக்கு அசையவில்லை. ஈரத் துடைப்புக்கு என்னென்ன வேண்டும்?

சென்சார் அளவுக்கு ஏற்ற ஸ்வாப் (துணி முனையுள்ள தட்டைக் குச்சி), அதற்கான திரவம், நல்ல வெளிச்சம். ஃபுல் ஃபிரேம் 36×24 மி.மீ, அதற்கு 24 மி.மீ அகல ஸ்வாப். ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5×15.6 மி.மீ, கேனனில் சற்றுச் சிறியது. அதற்கு 16 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13 மி.மீ, அதற்கு 12 மி.மீ. ஸ்வாபின் அகலம் சென்சாரின் உயரத்தோடு ஒத்துப்போவதால் ஒரே இழுப்பில் முழுப்பரப்பும் துடைபடும். பெரிய ஸ்வாபைச் சின்ன சென்சாருக்குள் திணிக்காதீர்கள். சின்ன ஸ்வாபைக் கொண்டு பெரிய சென்சாரை இரண்டு வரிசையாகத் துடைத்தால் நடுவில் கோடு நிற்கும்.

திரவம் தனியாகவோ ஸ்வாபோடு சேர்ந்தோ வரும். சில தயாரிப்புகள் தூய மெத்தனால். நொடிகளில் காய்ந்துவிடும், கறை விடாது. ஆனால் அது விஷம், எளிதில் தீப்பற்றும். பூஜை விளக்கு எரியும் அறையில் திறக்க வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ரிச்சி தெருவில் ஐபிஏ மலிவாகக் கிடைக்கிறதே, அதை ஊற்றலாமா?

சர்க்யூட் போர்டு துடைக்க அது நல்ல சரக்கு. சென்சாருக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மெத்தனாலைவிட மெதுவாகக் காயும். திறந்து திறந்து மூடிய பாட்டில் நம் ஊர்க் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சில்லறையாக ஊற்றித் தரும் சரக்கில் என்ன கலந்திருக்கிறதென்று பார்த்தால் தெரியாது. காய்ந்ததும் வட்ட வட்டமாகக் கறை நிற்கும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீரே கணிசம். ஒரு சென்சாருக்குத் தேவைப்படுவது இரண்டு சொட்டு; அதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

துடைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதல் படி மறுபடியும் ப்ளோவர்தான். உலர்ந்த மணல் துகள் ஒன்று மிச்சமிருந்தாலும் ஸ்வாப் அதைக் கண்ணாடியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். துடைப்பில் விழும் கீறல்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததால் விழுபவை.

பிறகு கேமராவை மல்லாக்க, மவுண்ட் மேலே பார்க்கும்படி, அசையாத இடத்தில் வையுங்கள். டார்ச்சைச் சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். ஸ்வாப் உறையைக் கடைசி நிமிடத்தில் கிழியுங்கள். முனையை விரலால் தொடாதீர்கள். 24 மி.மீ ஸ்வாபுக்கு இரண்டு சொட்டு, 16க்கு ஒன்று போதும். சொட்டை முனையின் ஓரத்தில் விட்டு, ஐந்தாறு நொடி துணியில் பரவ விடுங்கள். ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது.

சென்சாரின் இடது விளிம்பில் முனையை மென்மையாக இறக்குங்கள். கைப்பிடியைப் போகும் திசைப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, ஒரே சீராக, நிறுத்தாமல் வலது விளிம்புவரை இழுங்கள். மூன்று நொடி ஆகலாம். அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், மைப்பேனாவால் எழுதும் அளவு. முனை லேசாக வளைந்தால் சரி. விளிம்பில் நிறுத்தி, நேராக மேலே எடுங்கள். ஸ்வாபின் மறுபக்கத்தைத் திருப்பி வலமிருந்து இடம் ஒரு தடவை. அவ்வளவுதான். அதே ஸ்வாபால் மூன்றாவது இழுப்பு கிடையாது. முதலில் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுவீர்கள்.

ஒரு நிமிடம் காயவிட்டு, கேமராவை அணைத்து, லென்ஸை மாட்டி சோதனைப் படம் எடுங்கள். இன்னும் புள்ளி இருந்தால் புது ஸ்வாப். மூன்று ஸ்வாபுக்கும் போகாத புள்ளி கண்ணாடிக்கு அடியில் இருக்கலாம், அல்லது கீறலாக இருக்கலாம், அதோடு நிறுத்துங்கள்.

துடைத்த பிறகு கோடு கோடாகத் தெரிகிறது. கெடுத்துவிட்டேனா?

இல்லை. திரவம் அதிகமாகிவிட்டது, அவ்வளவே. புது ஸ்வாபில் திரவத்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி இழுங்கள். ஓரங்களில் மட்டும் புதுப்புள்ளிகள் வந்திருந்தால், சென்சார் சட்டத்தின் விளிம்பிலிருந்த பிசுக்கை ஸ்வாப் தொட்டு இழுத்து வந்திருக்கிறது. விளிம்புக்குச் சற்று உள்ளே தொடங்கி உள்ளேயே முடியுங்கள். நிஜமாகவே பயப்பட வேண்டியது, திரவம் கண்ணாடியின் விளிம்பு வழியாக அடியில் ஊறிவிட்டால்தான். அதை வீட்டில் எடுக்க முடியாது.

புள்ளியைச் சுற்றி இருண்ட வளையம் தெரிகிறது. அது என்ன?

எண்ணெய். நடுவில் சற்று வெளிறி, ஓரம் இருண்டு, சீரான வட்டமாக இருக்கும். ஷட்டரும் மிரரும் இயங்கும் பாகங்களில் போட்ட மசகு தெறிப்பதால் வருவது. 2012இல் வந்த நிக்கான் டி600 இந்தத் தொல்லைக்குப் பேர்போனது. 2014இல் அந்த நிறுவனமே ஷட்டரை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. எண்ணெய்க்கு ப்ளோவர் பயன்படாது, உலர் பிரஷ்ஷும் கூடாது. பிரஷ் அதை எங்கும் பூசிவிடும். ஈரத் துடைப்பே வழி, சில சமயம் இரண்டு சுற்று. புதுக் கேமராவில் முதல் சில ஆயிரம் படங்களுக்குள் வந்து பிறகு அடங்கினால் கவலை இல்லை. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தால் சர்வீஸ் சென்டர்.

ஜெல் குச்சி வாங்கலாமா?

தொழில்முறை ஆட்கள் விரும்பும் சாமான். ஒட்டும் முனையால் தூசியை ஒத்தி எடுத்து, உடன் வரும் ஒட்டுத்தாளில் ஒற்றிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒட்டிய தூசிக்கு நல்லது, எண்ணெய்க்கு ஆகாது. சோனி சென்சார்களுக்கென்று தனி வகை விற்கிறார்கள், மாற்றி வாங்கினால் பசை ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. விலை மலிந்த போலிகளும் நிறைய. பெட்டியைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் வாங்காதீர்கள்.

என் மிரர்லெஸில் சென்சாரே ஆடுகிறது. தொடலாமா?

பாடிக்குள், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இருக்கும் கேமராக்களில் சென்சார் காந்தப் பிடியில் மிதக்கிறது. அணைத்திருக்கும்போது சற்று ஆடுவது இயல்பு. துடைக்கலாம், ஆனால் அழுத்தம் இன்னும் குறைவாக. உங்கள் மாடலின் கையேட்டில் சுத்தம் செய்யும் முறை என்ன சொல்கிறதோ அதன்படி நடங்கள். சில கேமராக்கள் அந்த முறையில் சென்சாரை அசையாமல் பிடித்துக்கொள்ளும்.

மிரர்லெஸில் தூசி கூடுதலாக விழுமா?

விழும். சென்சார் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: மவுண்ட்டிலிருந்து சென்சார்வரை நிக்கான் இஸட்டில் 16 மி.மீ, சோனியில் 18, கேனன் ஆர்எஃப்பில் 20. பழைய நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5, நடுவில் மிரரும் ஷட்டரும் காவலுக்கு இருந்தன. அணைத்ததும் ஷட்டரை மூடும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதை இயக்கி வையுங்கள்.

லென்ஸ் மாற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கேமராவை அணையுங்கள். முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்று, கேமராவின் வாயைத் தரைப்பக்கம் திருப்புங்கள். மாட்டப்போகும் லென்ஸின் பின்மூடியைத் தளர்த்தித் தயாராக வைத்த பிறகே பழைய லென்ஸைக் கழற்றுங்கள். கடற்கரையில் மாற்றவே வேண்டாம். மாற்றியே தீர வேண்டுமானால் சாலைக்கு ஏறி, காரின் கதவைச் சாத்திக்கொண்டு.

சென்சாரில் பூஞ்சை வருமா?

லென்ஸ் அளவுக்கு வராது, வராமலும் இல்லை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கேமராவைத் துணிப்பையில் கட்டி அலமாரியில் போட்டுவைத்தால் வரலாம். வேர்போலக் கிளைத்த தடம் தெரிந்தால் வீட்டில் கைவைக்காதீர்கள். வராமல் தடுக்க டிரை கேபினெட், இல்லையென்றால் ரப்பர் விளிம்புள்ள மூடியோடு கூடிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறு ஈரமானியும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 30க்குக் கீழே போனால் ரப்பரும் மசகும் காய ஆரம்பிக்கும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்?

நாள் கணக்கு கிடையாது. ப்ளோவர் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். ஈரத் துடைப்பு, வழக்கமான அப்பர்ச்சரில் எடுத்த படத்தில் புள்ளி தெரிந்து, ப்ளோவருக்கு அசையாதபோது மட்டும். கடற்கரைக் கல்யாணம் எடுப்பவருக்கு இரண்டு மாதத்தில் வரலாம். ஸ்டூடியோவுக்குள்ளேயே எடுப்பவருக்கு இரண்டு வருடம் ஆகலாம்.

மென்பொருளில் அழித்துவிட்டால் போதாதா?

ஐந்து படத்துக்குப் போதும். ஒரே புள்ளியை ஒரு படத்தில் அழித்து, அந்தத் திருத்தத்தை மற்ற படங்களுக்கும் ஒட்டலாம். முகத்தின்மேலோ பட்டுச் சேலையின் கரையின்மேலோ விழுந்தால் ஒவ்வொன்றாக உட்கார வேண்டும். வீடியோவில் இன்னும் மோசம்: கேமரா நகர நகர, புள்ளி மட்டும் திரையில் அசையாமல் நிற்கும். உச்சிவெயிலில் வீடியோ எடுப்பவர்கள் எஃப்/16க்குப் போகாமல், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டி எஃப்/5.6இல் நின்றாலே பாதித் தூசி படத்தில் மறைந்துவிடும்.

எப்போது சர்வீஸ் சென்டருக்குக் கொடுக்க வேண்டும்?

கேமரா வாரன்டியில் இருக்கும்போது. நீங்கள் கீறினால் வாரன்டி காப்பாற்றாது. கண்ணாடிக்கு அடியில் தூசி, பூஞ்சை, கடல்நீர் தெறித்தது, ஷட்டர் இதழ் வளைந்தது, இவற்றுக்கெல்லாம். கை நடுங்கும் என்றால் யோசிக்காமல் கொடுங்கள், அதில் வெட்கமில்லை. கொடுக்கும் முன் சோதனைப் படம் ஒன்று எடுத்து வைத்து, வாங்கும்போது அங்கேயே அதேபோல் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பயன்படுத்திய ஸ்வாபைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா?

சென்சாருக்குக் கூடாது. எறியவும் வேண்டாம்: லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தையும் கேமரா மூடியின் உட்புறத்தையும் துடைக்க அதைவிட நல்ல குச்சி கிடைக்காது.